எக்ஸ்ப்ளிசிட்லி: ‘தெளிவாக’ என்பதா, ‘வெளிப்படையாக’ என்பதா?

நாணல்:

வணக்கம். ‘எக்ஸ்ப்ளிசிட்லி’ என்ற ஆங்கில வினையடைக்கு அகராதியில் தெளிவாக, வெளிப்படையாக, விளக்கமாக என்று மூன்று பொருள் வரிசையாக இருக்கிறது. மூன்றும் ஒன்றல்லவே. கீழே உள்ள இடங்களில் எது பொருந்தும்?

1. வாடகை ஒப்பந்தம் பற்றிய குறிப்பில்: ‘தி அக்ரிமென்ட் டஸ் நாட் எக்ஸ்ப்ளிசிட்லி ப்ரொஹிபிட் சப்லெட்டிங்.’ (சப்லெட்டிங்: உள்வாடகை, அதாவது வாடகைதாரர் இன்னொருவருக்கு வாடகைக்கு விடுவது.)
2. அலுவலக மின்னஞ்சலில்: ‘கைண்ட்லி எக்ஸ்ப்ளெயின் எக்ஸ்ப்ளிசிட்லி.’
3. விதிமுறைப் பக்கத்தில்: ‘அன்லெஸ் எக்ஸ்ப்ளிசிட்லி ஸ்டேட்டட் அதர்வைஸ்.’

கிளியர்லி, எக்ஸ்பிரஸ்லி, ஸ்பெசிஃபிகலி ஆகியவை இதிலிருந்து எங்கே பிரிகின்றன என்பதையும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தொகைவிரி:

முதலில் ‘தெளிவாக’ என்பதை ஒதுக்கி வையுங்கள். குழப்பம் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது.

‘தெளிவாக’ என்பது கேட்பவருக்குப் புரிந்ததா என்பதைப் பற்றியது. ‘எக்ஸ்ப்ளிசிட்லி’ என்பது விஷயம் சொல்லாக வெளியே வந்ததா, அல்லது ஊகித்துக்கொள்ளும்படி விடப்பட்டதா என்பதைப் பற்றியது. சோதித்துப் பார்க்க ஒரே கேள்வி போதும்: ‘எந்த வரியில் சொல்லியிருக்கிறது?’ வரியின் மேல் விரல் வைத்துக் காட்ட முடிந்தால் அது எக்ஸ்ப்ளிசிட். படித்து, சேர்த்துப் பார்த்து, ‘ஆக, இதுதான் அர்த்தம்’ என்று நாமே முடிவுக்கு வந்தால் அது இம்ப்ளிசிட்.

இந்த இரண்டும் தனித்தனியாகவும் வரும். ‘காபி சாப்பிடுறீங்களா?’ என்றதற்கு ‘இப்பதான் குடிச்சேன்’ என்று பதில் வந்தால் வேண்டாம் என்பது தெளிவு. ஆனால் ‘வேண்டாம்’ என்ற சொல் வரவில்லை. மறுபக்கம், ‘அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் பணம் கட்ட வேண்டும்’ என்ற அறிவிப்பில் கெடு சொல்லில் இருக்கிறது, எக்ஸ்ப்ளிசிட்தான். செவ்வாய்க்கிழமை அதைப் படிப்பவருக்கு இந்த வாரமா அடுத்த வாரமா என்று தெரியாது. சொல்லியும் தெளிவில்லை.

ஆங்கிலத்தின் சொந்த வரலாற்றிலேயே பெரிய எடுத்துக்காட்டு உண்டு. 1787இல் எழுதப்பட்ட அமெரிக்க அரசமைப்பில் அடிமை முறைக்கு இடம் கொடுக்கும் பிரிவுகள் இருந்தன. ஆனால் ‘அடிமை’ என்ற சொல் எங்கும் இல்லை. ‘மற்ற நபர்கள்’, ‘வேலைக்குக் கட்டுண்ட நபர்’ என்றே எழுதினார்கள். யாரைப் பற்றியது என்று அன்று எல்லோருக்கும் தெரியும். அடிமைத்தனம் என்ற சொல்லே அந்த ஆவணத்தில் முதன்முதலாக நுழைந்தது, அதை ஒழித்த 1865ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தில்தான். மூலப் பிரதியில் அடிமை முறை எக்ஸ்ப்ளிசிட்லி குறிப்பிடப்படவில்லை என்று ஆங்கிலத்தில் எழுதுவது முழுச் சரி. ‘தெளிவாகக் குறிப்பிடப்படவில்லை’ என்று தமிழில் எழுதினால் ஏதோ மங்கலாக எழுதிவிட்டார்கள் என்ற பொருள் வந்துவிடும். ‘பெயர் சொல்லிக் குறிப்பிடப்படவில்லை’ என்றால் சரியாக உட்காரும்.

வேரைப் பார்த்தால் இன்னும் பிடிபடும். லத்தீனில் ‘ப்ளிகாரே’ என்றால் மடித்தல். ‘எக்ஸ்ப்ளிகாரே’ மடிப்பைப் பிரித்தல், ‘இம்ப்ளிகாரே’ உள்ளே மடித்து வைத்தல். இடைக்கால ஐரோப்பியக் கையெழுத்துப் பிரதிகளில் நூல் முடியும் இடத்தில் ‘எக்ஸ்ப்ளிசிட்’ என்று எழுதுவார்கள். சுருள் கடைசி வரை விரிந்துவிட்டது என்ற நினைவு அதில் இருக்கிறது. தொடங்கும் இடத்தில் ‘இன்சிபிட்’.

நம் இலக்கணக்காரர்கள் இதே உருவகத்தில்தான் யோசித்திருக்கிறார்கள் என்பதை யாரும் மாணவர்களுக்குச் சொல்வதில்லை. தொகை, விரி! ‘மலர்முகம்’ உவமைத்தொகை, ‘மலர் போன்ற முகம்’ விரி. ‘பால் குடித்தான்’ என்பதில் ‘ஐ’ உருபு மறைந்திருக்கிறது; ‘பாலைக் குடித்தான்’ என்பதில் விரிந்து நிற்கிறது. இரண்டுமே தெளிவுதான், பொருளில் குழப்பமே இல்லை. வேறுபாடு உருபு எழுத்தில் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும். எக்ஸ்ப்ளிசிட்லி என்பதன் கரு இதுவே.

மொழிபெயர்க்கும்போது ஒரே சொல்லைத் தேடாதீர்கள், வினையோடு சேர்த்துப் பாருங்கள். என் தேர்வு இப்படி:

மனத்தில் இருப்பதைச் சொல்லாக்குவது என்றால் ‘வாய்விட்டுச் சொன்னார்’. ஒருவரையோ ஒன்றையோ சுட்டுவது என்றால் ‘பெயர் சொல்லிக் குறிப்பிட்டார்’. சுற்றி வளைத்ததை நேராக்குவது ‘உடைத்துச் சொன்னார்’. ஒவ்வொரு கூறாக எடுத்து வைப்பது ‘புட்டுப்புட்டு வைத்தார்’. ஆங்கிலத்தில் ‘ஸ்பெல் அவுட்’ என்பதற்கும் இதுவே பொருந்தும்.

அருகில் இருந்தும் பொருந்தாதவை சில. ‘திட்டவட்டமாக மறுத்தார்’ என்பது கேட்டகாரிகலி. அங்கே சொன்னாரா இல்லையா என்பது பிரச்சினை இல்லை, இடைவெளி விடாமல் சொன்னார் என்பதுதான் செய்தி. ‘ஒளிவுமறைவின்றி’ என்பது ஃப்ராங்க்லி. ‘ஐயந்திரிபற’ என்பது அன்அம்பிகுவஸ்லி. ‘பட்டவர்த்தனமாக’ என்பதில் வெட்கமில்லாமல் என்ற வாடை வீசும், அது ப்ளேட்டன்ட்லி.

‘பச்சையாக’ என்ற சொல் மட்டும் வியப்பானது. ‘பச்சையாகச் சொன்னான்’ என்றால் மறைக்காமல் சொன்னான். ‘பச்சையாகப் பேசினான்’ என்றால் ஆபாசமாகப் பேசினான். எக்ஸ்ப்ளிசிட் என்பதற்கும் அதே இரட்டை முகம் உண்டு. அமெரிக்க இசைத்தட்டுகளில் ‘பேரன்டல் அட்வைசரி, எக்ஸ்ப்ளிசிட் கன்டென்ட்’ என்று வரும் கறுப்பு வெள்ளை முத்திரை இந்த இரண்டாம் முகம்தான்.

‘வெளிப்படையாக’ என்பதிலும் எனக்கு முழுத் திருப்தி இல்லை. வெளிப்படையாகப் பேசுபவர் என்றால் மனத்தில் வைத்துக்கொள்ளாதவர் என்று குணம் சொல்கிறோம். வெளிப்படையான நிர்வாகம் என்றால் டிரான்ஸ்பரன்ட். ஒரே சொல்லில் மூன்று நான்கு ஆங்கிலச் சொற்கள் ஏறி உட்கார்ந்திருக்கின்றன.

வரைவுமேசை:

மேலே சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ‘வெளிப்படையாக’ என்பதைத் தள்ளுவதில் மட்டும் உடன்பாடு இல்லை. சட்ட ஆவணங்களில் அது நிலைபெற்ற கலைச்சொல். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 9ஆவது பிரிவில், சொற்களால் முன்மொழிந்தோ ஏற்றோ தரப்படும் வாக்குறுதி ‘எக்ஸ்பிரஸ்’, சொற்கள் அல்லாத வழியில் தரப்படுவது ‘இம்ப்ளைட்’ என்று வரையறுக்கிறது. தமிழில் இந்த இணையை ‘வெளிப்படையான’, ‘உட்கிடையான’ என்று எழுதிப் பழகிவிட்டோம். ஓர் ஆவணத்தில் அதை ‘வாய்விட்டு’ என்று மாற்றினால் படிக்கும் வழக்கறிஞர் வேறு ஏதோ வேறுபாடு நோக்கத்தோடு செய்யப்பட்டிருக்கிறது என்று எடுத்துக்கொள்வார். கலைச்சொல் நின்ற இடத்தில் கலைச்சொல்லே நிற்கட்டும்.

நாணல் கேட்ட முதல் வாக்கியத்தில் உண்மையான ஆபத்து இருப்பது ‘நாட்’ என்ற சொல்லில். அது எங்கே நிற்கிறது என்று பாருங்கள்.

‘டஸ் நாட் எக்ஸ்ப்ளிசிட்லி ப்ரொஹிபிட்’ என்றால், உள்வாடகைக்கு விடக்கூடாது என்று எந்த வரியும் சொல்லவில்லை, அவ்வளவுதான். தடை இல்லை என்று உறுதி தரவில்லை. வேறு பிரிவுகளைச் சேர்த்துப் படித்தால் தடை கிடைக்கலாம். உதாரணமாக, ‘வீட்டில் வாடகைதாரரும் அவர் குடும்பத்தினரும் மட்டுமே வசிக்கலாம்’ என்று வேறொரு பிரிவு இருந்தால் உள்வாடகைக்கு இடமே இல்லை.

‘எக்ஸ்ப்ளிசிட்லி டஸ் நாட் ப்ரொஹிபிட்’ என்று ‘நாட்’ பின்னால் போனால், தடை இல்லை என்பதையே ஒரு வரி சொல்கிறது என்று ஆகிவிடும். முதலாவதை நம்பி உள்வாடகைக்கு விடுபவர் மாட்டிக்கொள்ளலாம். இரண்டாவதை நம்பி விடுபவர் கையில் காட்டுவதற்கு ஒரு வரி இருக்கிறது.

தமிழில் ‘ஒப்பந்தம் உள்வாடகையை வெளிப்படையாகத் தடைசெய்யவில்லை’ என்று எழுதினால், ‘மறைமுகமாகத் தடைசெய்கிறது’ என்று ஒரு சாயல் தானாக ஒட்டிக்கொள்கிறது. ஆங்கில வாக்கியம் அந்தப் பக்கம் கை காட்டவில்லை. நான் இப்படி எழுதுவேன்: ‘உள்வாடகைக்கு விடக்கூடாது என்று ஒப்பந்தத்தில் எந்தப் பிரிவும் கூறவில்லை.’ வினையடையே இல்லாமல் பொருள் முழுதாக வந்துவிட்டது.

எக்ஸ்பிரஸ்லி பற்றி. பொருளில் இரண்டும் ஏறக்குறைய ஒன்று, ஆனால் எக்ஸ்பிரஸ்லி சட்ட ஆவணத்தின் உடுப்பு. பொதுக் கட்டுரையிலும் நுட்ப எழுத்திலும் எக்ஸ்ப்ளிசிட்லி அதிகம். எக்ஸ்பிரஸ்லிக்கு இன்னொரு பொருளும் உண்டு: ‘இதற்கென்றே’. ‘எக்ஸ்பிரஸ்லி ஃபார் திஸ் பர்பஸ்’ என்றால் இந்த நோக்கத்துக்காகவே. அங்கே எக்ஸ்ப்ளிசிட்லியைவிட எக்ஸ்பிரஸ்லியே இயல்பு.

இந்த வினையடை எவ்வளவு கனமானது என்பதற்கு ஒரு சான்று. 1781இல் நடைமுறைக்கு வந்த அமெரிக்கக் கூட்டமைப்பு விதிகள், கூட்டமைப்புக்கு ‘எக்ஸ்பிரஸ்லி’ ஒப்படைக்கப்படாத அதிகாரம் எல்லாம் மாநிலங்களுக்கே என்றன. 1791இல் வந்த 10ஆவது அரசமைப்புத் திருத்தம் ஏறக்குறைய அதையே சொன்னது, ஆனால் அந்த ஒரு சொல்லை விட்டுவிட்டது. 1819இல் மெக்கல்லக் எதிர் மேரிலாந்து வழக்கில் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் அந்த விடுபடலைச் சுட்டிக்காட்டி, அரசமைப்பில் பெயர் சொல்லாத, உட்கிடையான அதிகாரங்களும் மத்திய அரசுக்கு உண்டு என்று தீர்த்தார். தேசிய வங்கி தொடங்கும் அதிகாரம் அப்படித்தான் நிலைத்தது.

நம் பக்கம் பார்த்தால், அந்தரங்க உரிமை என்ற சொல் அரசமைப்பின் அடிப்படை உரிமைகளில் எங்கும் எழுதப்படவில்லை. 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, அது உயிருக்கும் தனிமனிதச் சுதந்திரத்துக்கும் காப்புத் தரும் 21ஆவது பிரிவுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது என்றது. ‘நாட் எக்ஸ்ப்ளிசிட்லி மென்ஷன்ட்’ என்பதை ‘இல்லை’ என்று மொழிபெயர்த்தால் வரும் தவறின் அளவை இதில் பார்க்கலாம்.

கடைசிவரி:

மின்னஞ்சல் வாக்கியத்துக்கு வருகிறேன். ‘கைண்ட்லி எக்ஸ்ப்ளெயின் எக்ஸ்ப்ளிசிட்லி’ என்பதை எழுத வேண்டாம். எக்ஸ்ப்ளெயின் என்ற வினையே விரித்துச் சொல்லச் சொல்கிறது. அதன் பக்கத்தில் இந்த வினையடை எதையும் கூட்டுவதில்லை. கேட்பவருக்கு என்ன வேண்டும் என்பதும் தெரியாது.

விவரம் வேண்டுமென்றால் ‘இன் டீடெயில்’. படிப்படியாக வேண்டுமென்றால் ‘ஸ்டெப் பை ஸ்டெப்’. ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட்டிருக்கிறார்கள், அதை எழுத்தில் சொல்ல வைக்க வேண்டும் என்றால் மட்டும் எக்ஸ்ப்ளிசிட்லி. அப்போதும் எது என்பதை உடனே சேர்க்க வேண்டும்: ‘ப்ளீஸ் ஸ்டேட் எக்ஸ்ப்ளிசிட்லி வெதர் தி ஃபீ இன்க்ளூட்ஸ் ஜிஎஸ்டி.’ கட்டணத்தில் ஜிஎஸ்டி அடக்கமா இல்லையா என்று எழுதித் தாருங்கள் என்பது கேள்வி. பதில் தருபவர் இனி நழுவ முடியாது.

இந்தச் சொல் அடிக்கடி சேரும் வினைகளை மனப்பாடம் செய்துவிடலாம். ஸ்டேட், மென்ஷன், ரெஃபர் டு, ஆஸ்க், டெல், அலவ், பர்மிட், ஃபர்பிட், ப்ரொஹிபிட், டினை, ரிஜெக்ட், அக்னாலெஜ். எல்லாமே சொல்லாலோ எழுத்தாலோ நடக்கும் வேலைகள். அண்டர்ஸ்டாண்ட், ஸீ, ஹியர் ஆகியவற்றோடு சேராது. ‘ஐ அண்டர்ஸ்டாண்ட் எக்ஸ்ப்ளிசிட்லி’ என்பது பிழை, அங்கே கிளியர்லி.

‘ஸ்பீக் எக்ஸ்ப்ளிசிட்லி’ என்பதைச் சூழல் பார்த்துப் பயன்படுத்துங்கள். எதைப் பற்றி என்பது பக்கத்தில் இல்லாமல் தனியாக நின்றால், தொகைவிரி சொன்ன ‘பச்சையாக’ முகம் எட்டிப் பார்க்கும். ‘எக்ஸ்ப்ளிசிட் ஃபோட்டோஸ் அனுப்புங்கள்’ என்று, தெளிவான படங்கள் என்ற எண்ணத்தில் வாடிக்கையாளருக்கு எழுதினால் பெரிய சங்கடம். அது ‘கிளியர் ஃபோட்டோஸ்’.

இடம்: முதன்மை வினைக்கு முன்னால், துணைவினைக்குப் பின்னால். ‘வாஸ் எக்ஸ்ப்ளிசிட்லி டோல்ட்’. வினைக்கும் செயப்படுபொருளுக்கும் நடுவில் செருகாதீர்கள். ‘ஹி மென்ஷன்ட் எக்ஸ்ப்ளிசிட்லி தி டேட்’ என்பது தமிழர் எழுத்தில் அடிக்கடி வரும் பிழை. தமிழில் ‘தேதியை வெளிப்படையாகக் குறிப்பிட்டார்’ என்று வினையடை வினையை ஒட்டியே நிற்கும். அந்தப் பழக்கத்தில் ஆங்கிலத்திலும் வினைக்குப் பக்கத்தில், தவறான பக்கத்தில், ஒட்டிவிடுகிறோம். பின்னால் ‘தட்’, ‘வெதர்’ என்று நீண்ட தொடர் வந்தால் மட்டும் நடுவில் வரலாம்.

வாக்கியத்தின் தொடக்கத்தில் ‘கிளியர்லி, ஹி இஸ் ராங்’ என்றால் ‘அவர் சொல்வது தவறு என்பது கண்கூடு’. அந்த இடத்தில் எக்ஸ்ப்ளிசிட்லி வராது.

ஸ்பெசிஃபிகலி வேறு வேலை செய்கிறது: பலவற்றுள் இதை மட்டும் என்று குறுக்குகிறது. ‘பழம் வாங்கி வா’ என்பதற்கும் ‘மலைப்பழம் வாங்கி வா’ என்பதற்கும் உள்ள வேறுபாடு ஸ்பெசிஃபிக். இரண்டுமே எக்ஸ்ப்ளிசிட்.

மேலதிகாரிக்கு ‘ஆஸ் ஐ எக்ஸ்ப்ளிசிட்லி மென்ஷன்ட்’ என்று எழுதினால் ‘சொல்லியும் நீங்கள் கவனிக்கவில்லை’ என்ற கண்டிப்பு கேட்கும். தேதி போட்டு ‘ஆஸ் மென்ஷன்ட் இன் மை மெயில் ஆஃப் 12 ஜூன்’ என்பது போதும்.

எழுத்துக்கூட்டு: ‘லி’ வரும் பகுதிக்கு முன்னால் ‘ஈ’ எழுத்து கிடையாது, ‘டி’ முடிந்ததும் நேரே ‘எல், ஒய்’. டெஃபினட்லி, கம்ப்ளீட்லி ஆகியவற்றின் அடிச்சொல்லிலேயே ‘ஈ’ இருக்கிறது, இதில் இல்லை. உச்சரிப்பில் அழுத்தம் ‘ப்ளி’ மேல் விழ வேண்டும். ‘சைட்’ என்று நீட்டக் கூடாது, ‘சிட்’.

நாணல்:

மிக்க நன்றி, மூவருக்கும். இரண்டு சந்தேகம் பாக்கி. இம்ப்ளிசிட்லி என்பதை ‘மறைமுகமாக’ என்று எழுதலாமா? நிரல் எழுதும் பாடங்களில் ‘எக்ஸ்ப்ளிசிட்லி கேஸ்ட்’ என்று வருவதும் இதே பொருள்தானா?

அரைப்புள்ளி:

இதே பொருள்தான், விரல் வைக்கும் சோதனை இங்கே அப்படியே வேலை செய்யும். கேஸ்ட் என்பது ஒரு வகை மதிப்பை இன்னொரு வகையாக மாற்றுவது. ஜாவா நிரல்மொழியில் முழு எண்ணை ‘டபுள்’ (தசம எண் வகை) மாறியில் போட்டால் மாற்றம் தானாக நடக்கும். நிரலில் அதற்கென எழுத்து எதுவும் இருக்காது, எனவே இம்ப்ளிசிட். 3.7 என்ற டபுளை ‘இன்ட்’ (முழு எண் வகை) மாறியில் போட முயன்றால், நிரலை இயந்திரத்துக்கு ஏற்ப மாற்றும் கம்பைலர் பிழை காட்டி நிறுத்தும், ஏனென்றால் .7 தொலைந்துபோகும். அடைப்புக்குறிக்குள் ‘இன்ட்’ என்று நாமே எழுதிக் கொடுத்தால் ஏற்றுக்கொண்டு 3 என்று வெட்டும். இழப்பு தெரிந்தே செய்கிறேன் என்று எழுத்தில் ஒப்புக்கொள்வது போல.

தரவுத்தள மொழியான எஸ்கியூஎல்லில், புதிய வரிசையைச் சேர்க்கும் ‘இன்சர்ட்’ கட்டளை எழுதும்போது நெடுவரிசைப் பெயர்களை எக்ஸ்ப்ளிசிட்டாகக் கொடு என்பார்கள். பெயர் கொடுக்காவிட்டால் அட்டவணையில் உள்ள வரிசைப்படி மதிப்புகள் போய் உட்காரும். பிறகு யாராவது ஒரு நெடுவரிசை சேர்த்தால், பல தரவுத்தளங்களில் எண்ணிக்கை பொருந்தவில்லை என்று கட்டளை தோற்றுவிடும். அதைவிட மோசம், எண்ணிக்கை அதே, வரிசை மட்டும் வேறு என்ற நிலை: பிழைச் செய்தி வராமலே மதிப்புகள் இடம் மாறிப் பதிவாகலாம்.

இந்தப் பாடங்களில் ‘வெளிப்படையாக மாற்றவும்’ என்று மொழிபெயர்த்தால் மாணவருக்கு ஒன்றும் விளங்காது. ‘நிரலில் நாமே எழுதிக் குறிப்பிட வேண்டும்’ என்றால் விளங்கும்.

தொகைவிரி:

வரைவுமேசை சொன்ன கலைச்சொல் திருத்தத்தை ஏற்கிறேன். சட்ட ஆவணத்தில் ‘வெளிப்படையான’ இருக்கட்டும்.

‘மறைமுகமாக’ வேண்டாம். அது இன்டைரக்ட்லி, மறைக்கும் எண்ணம் இருப்பது போலவும் ஒலிக்கும். இம்ப்ளிசிட்லி என்பதில் மறைக்கும் எண்ணம் இருக்க வேண்டியதில்லை. சொல்லத் தேவையில்லாததால் சொல்லாமல் விட்டதும் இம்ப்ளிசிட்தான். பொது எழுத்தில் ‘சொல்லாமல் சொன்னார்’, ‘குறிப்பால் உணர்த்தினார்’, சட்டத்தில் ‘உட்கிடையாக’.

‘குறிப்பால்’ என்றுதான் எழுத வேண்டும், ‘குறிப்பாக’ என்று எழுதினால் தலைகீழாகிவிடும். நன்னூல் சொற்பொருளை வெளிப்படை, குறிப்பு என்று பிரிக்கிறது; அங்கே குறிப்பு என்பது உய்த்துணர்வது. இன்றைய வழக்கில் ‘குறிப்பாக’ என்பது ஸ்பெசிஃபிகலி, எஸ்பெஷலி. ஒரே வேரிலிருந்து எதிர் எதிரான இரண்டு பயன்பாடு.

‘ஐ ட்ரஸ்ட் ஹெர் இம்ப்ளிசிட்லி’ என்ற தொடரைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். அங்கே ‘மறுபேச்சில்லாமல், முழுமையாக நம்புகிறேன்’ என்பது பொருள். இதற்கு எதிராக ‘ட்ரஸ்ட் எக்ஸ்ப்ளிசிட்லி’ என்று ஒன்று கிடையாது.

‘நாட் இன் ஸோ மெனி வேர்ட்ஸ்’ என்பதும் இந்தக் குடும்பம். ‘அவ்வளவு அதிகச் சொற்களில் இல்லை’ என்று பலர் தவறாகப் படிக்கிறார்கள். ‘அந்தச் சொற்களையே வைத்துச் சொல்லவில்லை, ஆனால் கருத்து அதுதான்’ என்று பொருள்.

மூன்றாவது வாக்கியத்தை யாரும் எடுக்கவில்லை. ‘அன்லெஸ் எக்ஸ்ப்ளிசிட்லி ஸ்டேட்டட் அதர்வைஸ்’ என்பதற்கு ‘வேறு விதமாகக் குறிப்பிட்டிருந்தால் தவிர’ என்பது போதும். ‘குறிப்பிடு’ என்ற வினைக்குள்ளேயே சொல்லில் வைப்பது அடங்கிவிட்டது. ‘வெளிப்படையாக வேறுவிதமாகக் குறிப்பிடப்பட்டிருந்தாலொழிய’ என்று நீட்டினால் படிப்பவர் பாதியில் நின்றுவிடுவார். இன்னும் எளிதாக வேண்டுமென்றால் வாக்கியத்தை இரண்டாக்குங்கள்: ‘இந்த விதி எல்லாப் பொருள்களுக்கும் பொருந்தும். விலக்கு இருந்தால் அந்தந்தப் பொருளின் பக்கத்தில் எழுதப்பட்டிருக்கும்.’